நீ பிரித்த முப்பத்தெட்டுக் கவர்கள்

இன்று காலை ஆறரை மணிக்கு என் சமையலறையில் இட்லிப் பானையின் வாயில் ஒரு பழுப்புக் கவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பானையில் இட்லி இல்லை, வெறும் தண்ணீர்தான் கொதித்தது. கவரின் மடிப்பை நேற்றே பசை தடவி ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டுக் காயவைத்திருந்தேன். இரண்டு நிமிடம் ஆவி பட்டதும் மடிப்பு தானாக வாயைத் திறந்தது. கிழியவில்லை, கையெழுத்தும் கலையவில்லை. மறுபடி ஒட்டி, மேலே தடித்த புத்தகம் ஒன்றை வைத்து அழுத்தி எடுத்தேன். ஓரத்தில் மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தது. மேசையில் கிடந்த முப்பத்தெட்டுக் கவர்களிலும் அதே சுருக்கம்.

யார் வந்து பிழை என்று சொன்னாலும், அதை நாமே ஒரு முறை திரும்ப வரவழைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. இருபத்திரண்டு வருடம் அதைத்தான் வேலையாகச் செய்தேன். உன் விஷயத்திலும் செய்துவிட்டேன், இப்போது நம்புகிறேன். ஆவி பட்ட பசைக்கு ஒரு புளித்த வாசனை இருக்கிறது. அடுப்பை அணைத்து வெகுநேரமாகியும் அது வீட்டை விட்டுப் போகவில்லை.

ஏட்டி, ஒரு கவரைப் பிரித்திருந்தால் சபலம் என்று விட்டிருப்பேன். முப்பத்தெட்டு வாரம் பிரித்திருக்கிறாய். பிரித்ததை ஒட்டி, கையெழுத்துக்குக் கையெழுத்து பொருத்தி, ஒன்றும் நடக்காத முகத்தோடு என் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறாய்.

பேகம்பேட் அலுவலகத்தில் நீ மென்பொருள் எழுதுகிறவள், நான் அதில் குற்றம் கண்டுபிடிக்கிறவள். நம்மை மாமியார் மருமகள் என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு கப் டீயோடு நீயே என் மேசைக்கு வருவாய்.

“இன்னிக்கு எத்தனை?”

“பதினொண்ணு.”

“போன வாரம் பதினாலு. பாத்தியா, தேறிட்டு வர்றேன்.”

பதினொன்றையும் உன் முகத்துக்கு நேராகத்தான் சொல்வேன். இங்கே தப்பு, இதைத் தொட்டால் உடைகிறது, தீவிரம் அதிகம். சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு வராது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சே அப்படி. நீ ஒரு நாளும் முகம் கோணியதில்லை. “அவங்கவங்க முதுகு அவங்கவங்களுக்குத் தெரியாதுடீ. அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்காங்க” என்பாய். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம் உன்னுடையது. உன் தமிழில் வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்குக் கைக்கு என்று இந்த ஊர் உருது நம் அனுமதியைக் கேட்காமல் வந்து உட்காரும். ஆனால் பழமொழி மட்டும் சுத்தத் தமிழில் வரும்.

நமக்குள் ஒரே ஒரு சண்டை. நான் உன் வேலையை எப்படியெல்லாம் சோதிக்கப்போகிறேன் என்று எழுதி வைத்திருந்த பட்டியலை நீ பார்த்துவிட்டாய். அது தெரிந்த அன்று நான் உன்னிடம் பேசவில்லை, மூன்று நாள் பேசவில்லை. என்ன கேட்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லத் தெரிந்த சரக்குதான் வெளியே போகும். சோதனையில் எல்லாம் தேறும். ஊரில் முதல் ஆள் தொட்டதும் விழும். இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நாலாம் நாள் நீ வந்து நின்றாய்.

“சத்தியம் பண்ணக் கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்கு. அதனால சும்மா வாயால சொல்றேன். இனிமே உன் டெஸ்ட்டைப் பாக்க மாட்டேன். கைக்கு இப்படி மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்கே?”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

பிறகு நீ விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு லோத்குண்டா வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தாய். இரண்டு வருடம் கழித்து, சோதனையை இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று எங்கள் பிரிவையே மூடினார்கள். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, பத்து நிமிடத்தில் முடித்து, கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. சோபாவில் இருந்தேன் என்று நினைக்கிறேன். ஒரு நாள் மத்தியானம் உப்பலில் என் வீட்டுக் கதவைத் தட்டினாய். இரவு உடையோடு, எண்ணெய் காணாத தலையோடு திறந்தேன். நீ அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“எந்திரி. குளிச்சிட்டு வா. என்கிட்ட பத்தாங்கிளாஸ்ல ஏழு பசங்க சேந்திருக்காங்க. எனக்கு டிரிக்னாமெட்ரி எல்லாம் மறந்தே போச்சு. நீ வந்து எடு.”

“எனக்குப் பிள்ளைங்களோட பேச வராது.”

“உனக்குப் பெரியவங்களோடயும் பேச வராது. அதுக்கென்ன இப்போ?”

உனக்கு டிரிக்னாமெட்ரி மறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. பொய் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

சனி, ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் வீட்டு ஹாலில் வகுப்பு. உப்பலிலிருந்து மெட்ரோ ஏறி, பரேட் கிரவுண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து வர எனக்குச் சரியாகப் பத்து ஆகும். சனிக்கிழமை பாடம், ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஐந்து கணக்கு. சரியென்றால் ஒன்று, தப்பென்றால் சைபர், பாதி மதிப்பெண் கிடையாது. பாதி வேலை செய்கிற மென்பொருளை யாரும் வாங்குவதில்லை என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அந்தக் கவர் பழக்கத்தை நான்தான் கொண்டுவந்தேன். அடுத்த வாரத் தேர்வுத்தாளை ஒரு வாரம் முன்பே எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மடிப்பில் கையெழுத்திட்டு, ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போவேன். “எதுக்குடீ இது? பாங்க் லாக்கரா?” என்று கேட்டாய். உனக்கு விளக்கமாகச் சொன்னேன். பாடம் சரியாக நடக்காவிட்டால், தேர்வைக் கொஞ்சம் இளக்கி எழுதிவிடலாம் என்று எனக்கே தோன்றும். அதனால் தாள் என் கையில் இருக்கக் கூடாது, இன்னொருவரிடம் பூட்டி இருக்க வேண்டும். என்னை நானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் உன்னிடம் கொடுத்தேன். இந்த ஊரில் எனக்கு அந்த இன்னொருவர் நீ மட்டும்தான்.

பிள்ளைகள் உன் வீட்டுக்கு ஒன்பது மணிக்கே வந்துவிடுவார்கள். காலையில் வயிறு காய்ந்து வரக் கூடாது என்று இட்லி கொடுக்கிறாய், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான் உள்ளே நுழையும்போது தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருக்கும். பலகை சுத்தமாகத் துடைத்திருக்கும். துடைத்த பலகை கொஞ்சம் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தின் மேலேயே முப்பத்தெட்டு வாரம் சாக்பீஸால் எழுதினேனே, இது ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. பிழை கண்டுபிடிப்பதில் பெயர் வாங்கியவளின் லட்சணம் இது.

முதல் இரண்டு மாதத்தில் ஏழு பேரில் ஐந்து பேர் முழு மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு ஆறு, பிறகு சில வாரம் ஏழு பேருமே. எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய அலுவலகத் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். நான் பேசினால் பிள்ளைகளுக்குப் புரிகிறது, பிறவியிலேயே எனக்கு இது இருந்திருக்கிறது, இருபத்திரண்டு வருடத்தைத் தப்பான இடத்தில் தொலைத்துவிட்டேன் என்று. நீ பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். “ஹவ் ஹவ், அதான் பாக்கறேனே” என்றாய். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போது எனக்குக் காது கூசுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். வியாழக்கிழமை பெட்டியில் வீடு திரும்பினாய். அடக்க ஆராதனையில் உங்கள் சர்ச் ஐயர் உன்னை உண்மையுள்ளவள் என்று சொல்லி ஜெபித்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டி அழுதேன்.

ஒரு மாதம் கழித்து வகுப்பை மறுபடி தொடங்கினேன். உன் வீட்டுக்காரர்தான் ஹாலைத் திறந்துவிட்டார். கோபுரத்தின் உயரம் காண்கிற பாடம். முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழு தாளிலும் சைபர். கோணத்தைத் தரையில் போடாமல் கோபுர உச்சியில் போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கும் துக்கம் இருக்குமே என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறும் சைபர். மூன்றாவது வாரம் நான் கத்திவிட்டேன். இவ்வளவு ஈஸியான கணக்கு, முன்பு மட்டும் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். “அர்த்தம் காலேது ஆன்ட்டி” என்று ஒரு பெண் மட்டும், புரியவில்லை என்பதைத் தெலுங்கில் முணுமுணுத்தாள்.

எல்லாரும் எழுந்து வாசலுக்குப் போகும்போது ஹரிணி மட்டும் நின்றாள். உனக்கு ரொம்பப் பிடித்தவள், அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் தமிழ்தான். ஆனாலும் நான் தமிழில் கேட்டால் தெலுங்கில், இந்தியில், ஆங்கிலத்தில் பதில் சொல்வாளே தவிர, தமிழில் சொன்னதே இல்லை. அன்று தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

“ஆன்ட்டி, கோபம் படாதீங்க. அந்த ஆன்ட்டி மார்னிங் நைனுக்கு எல்லாம் சொல்லித் தருவாங்க. நீங்க எடுக்கப்போற பாடம். அப்புறம் சண்டே டெஸ்ட் மாதிரியே கணக்கு தருவாங்க.”

“அதே கணக்கா?”

“சேம் இல்லை. நம்பர் மட்டும் வேற. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ப்ராமிஸ் வாங்கினாங்க.” வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எனக்கு போர்டு எக்ஸாம் எட்டு வாரம்தான் இருக்கு ஆன்ட்டி” என்றாள்.

எண்ணை மாற்றிவிட்டால் களவு களவு இல்லாமல் போய்விடுமா? மறுவாரம் பழைய தாள்களை எடுத்து மறுபடி கொடுத்துப் பார்த்தேன். நன்றாகவே போட்டார்கள். அது என்னை இன்னும் அதிகமாகச் சுட்டது. அவர்கள் கற்றிருக்கிறார்கள், உன்னிடம். பத்து மணிக்கு நான் வந்து பேசியதெல்லாம் ஏற்கெனவே சாப்பிட்டவர்களுக்குப் பரிமாறியதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என்னிடம் நீட்டினார். “இதெல்லாம் உங்க கையெழுத்து போட்ட கவருங்க. பசங்க பேப்பரை எடுத்ததும் இவ எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கா. தூக்கிப் போட மனசு வரல” என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கவர்கள் காலியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் தேர்வுத்தாளின் ஒரு பிரதி, அதன் பின்பக்கம் பென்சிலில் உன் கையெழுத்து. ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கற்ற உன் குண்டு குண்டுத் தமிழ். அலுவலகத்தில் உன் வேலைக்கு நான் எழுதிக் கொடுப்பேனே பிழைப் பட்டியல், அதே வடிவம், அதே கட்டங்கள்.

“பிழை 1: போர்டைப் பாத்தே பேசுறா. பசங்க மூஞ்சைப் பாக்கறதில்ல. தீவிரம்: அதிகம். நிலை: அடுத்த வாரம் சொல்லணும்.”

“பிழை 4: இது ஈஸிங்கறா. அப்புறம் எவனும் டவுட் கேக்க மாட்டான். தீவிரம்: அதிகம். நிலை: அடுத்த வாரம் சொல்லணும்.”

“பிழை 9: ஹரிணி கை தூக்கினது தெரியல. மூணு தடவை தூக்கினா. நிலை: கண்டிப்பா அடுத்த வாரம்.”

மொத்தம் பதினேழு பிழைகள். ஒவ்வொன்றும் சரியானது, ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. முப்பத்தெட்டுக் கவரிலும் முதல் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. அதன் நிலை மாறவே இல்லை.

நீ கவரைப் பிரித்தது கூடப் பெரிதில்லை. பிழையைக் கண்டுபிடித்தாய், தேதி போட்டு எழுதினாய், பிழை செய்தவளிடம் மட்டும் சொல்லவில்லை. பழுது என்னிடம் இருக்க, அதைத் தொடாமல் விட்டு, மறுமுனையில் பிள்ளைகளுக்கு ஒட்டுப் போட்டாய். நீ எத்தனை நாள் இருப்பாய் என்று நினைத்து அந்த ஒட்டைப் போட்டாய்? நீ போன அடுத்த மாதமே எல்லாம் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. பிய்ந்தது என்மேல் விழுந்தால் பரவாயில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்மேல் விழுந்தது.

ஏன் சொல்லவில்லை என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். உப்பலில் கதவைத் திறந்த அந்த இரவு உடைக்காரியைப் பார்த்து நீ பயந்திருப்பாய். இன்னொரு இடத்திலும் தோற்றாள் என்றால் இவள் எழுந்திருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருப்பாய். அது அன்புதான், நான் கல் இல்லை, எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். வருடக்கணக்காக உன் பிழைகளை உன் முகத்துக்கு நேராகச் சொன்னேனே, நீ தாங்குவாய் என்று நம்பியதால்தானே சொன்னேன்? என்னை ஒரு தடவை அப்படி நம்ப உனக்கு ஏன் வரவில்லை? என்னைக் கண்ணாடித் தம்ளர் மாதிரி அலமாரியில் தூக்கி வைத்துவிட்டு, நீ பாட்டுக்குச் சமையலறையில் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தாய். கூட இருந்தே குழி பறித்தாய் என்று எழுதத்தான் கை வருகிறது. குழி பறித்தவள் எனக்குக் காயம் படாமல் இருக்கப் பஞ்சும் பரப்பி வைத்தாள் என்பதால் அது குழி இல்லை என்று ஆகிவிடாது.

மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினால் உங்கள் ஐயருக்குப் பிடிக்கும். மன்னிக்கவில்லை.

இன்று சனிக்கிழமை. இட்லிப் பானை சோதனை முடிந்ததும் குளித்து, ஏழரை மெட்ரோவைப் பிடித்தேன். ஒன்பது மணிக்கு உன் ஹாலில் இருந்தேன். வழியில் வாங்கிய பன்னைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். உன் இட்லிக்கு ஈடில்லை என்று அவர்கள் முகமே சொன்னது. பிறகு ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். நான் பாடம் எடுப்பதில் என்ன தப்பு என்று எழுதுங்கள், பெயர் வேண்டாம், எந்த மொழியானாலும் சரி என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத வெகுநேரம் ஆனது.

முதல் தாளைப் பிரித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது, ஹரிணியின் சாய்ந்த கையெழுத்து. ஆன்ட்டி போர்டிடம்தான் பேசுகிறார், எங்களிடம் பேசுவதில்லை.

அதே பிழை, நீ எழுதிய முதல் பிழை. முப்பத்தெட்டு வாரம் நீ என்னிடம் சொல்லப் பயந்த வாக்கியத்தை ஒரு பதினைந்து வயதுப் பெண் ஒரே காலையில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டாள். தண்ணீர் குடித்தேன். மீதி ஆறையும் படித்தேன். பிறகு பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, “கோபுரத்தோட கோணம் எங்கே வரும், உனக்கு எது புரியல, சொல்லு” என்று ஹரிணியைக் கேட்டேன். அவள் சொல்லி முடிக்கும் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பழக்கமில்லை, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

உன் கவர்களைத் திரும்பக் கொடுக்கவில்லை. முதல் கவரைப் பையிலேயே வைத்திருக்கிறேன். முதல் பிழைக்கு எதிரே, நீ நிலை என்று எழுதிய கட்டத்தில், உன் பென்சில் எழுத்தை அடித்துவிட்டு, சொல்லப்பட்டது என்று பேனாவால் எழுதி இன்றைய தேதியைப் போட்டேன். சொன்னது நீ இல்லை.

நான் உடையவில்லை, ஏட்டி. நீ சொல்லியிருக்கலாம்.